ஐந்து நிமிடச் சராசரி

ஜனவரி 11

லே நகரிலிருந்து ஜீப்பில் ஆறு மணி நேரம். நிலையம் என்றால் இரண்டு அறை, ஒரு தகரக் கொட்டகை, மொட்டை மாடியில் நாலைந்து கருவிகள். உயரம் நாலாயிரத்து இருநூறு மீட்டர். வாசலிலிருந்து கட்டில் வரை பெட்டியைத் தூக்கி வருவதற்குள் மூன்று முறை நின்று மூச்சு வாங்கினேன்.

இந்த நோட்டு லே டாக்டரின் உத்தரவு. வயது நாற்பத்தாறு, தஞ்சாவூர் சமவெளியில் பிறந்த உடம்பு, அதனால் தலைவலி, தூக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் தினமும் குறித்து வைக்கச் சொன்னார். தலைவலி உண்டு. தூக்கம் இனிமேல்தான் தெரியும். சாப்பாடு, இரண்டு ரொட்டி.

இங்கே ஆண்டு முழுவதும் இருப்பவள் அங்மோ. முப்பது வயதிருக்கும், லேயில் டிப்ளமா படித்தவள். கருவிகளைப் பார்த்துக்கொள்வது, பலூன் விடுவது, இரும்பு அடுப்புக்கு விறகு போடுவது எல்லாம் அவள்தான். இருவருக்கும் பொதுவானது இந்தி. என் இந்தியைக் கேட்டுச் சிரிக்காமல் இருப்பதற்கு அவள் படும் பாடு தெரிகிறது.

ஜனவரி 12

தலைவலி. வேறொன்றும் எழுத முடியவில்லை.

ஜனவரி 15

பொங்கல். குக்கரில் ஒன்பது விசில் வைத்தும் அரிசி முழுதாக வேகவில்லை. அங்மோ வெல்லம் போட்ட அந்த அரைவேக்காட்டை இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

தலை தெளிந்துவிட்டது. எதற்காக வந்தேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

மேற்கே எங்களுக்கு எதிரில் நீளமான முகடு ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் மேல்காற்று அதில் மோதி மேலே ஏறும். ஏறும் காற்று குளிரும். ஒன்பது, பத்து கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் ஐம்பது டிகிரியில், அதில் உள்ள ஈரம் பனிப் படிகமாகிக் கீற்று மேகமாக நிற்கும். இதுவரை யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகம் அடுத்த படியில். அதே முகடு, அதே காற்று, அதே ஈரம் இருந்தும் ஒருநாள் மேகம் சல்லாத் துணிபோல, ஒருநாள் சூரியனையே மங்கவைக்கும் அளவுக்கு அடர்த்தியாக. ஏன் இப்படி மாறுகிறது?

ஆறு வருடம் முன்பு இதற்கு ஒரு பதில் சொல்லிக் கட்டுரை எழுதினேன். தூசிதான் காரணம். மேற்குப் பாலைவனங்களிலிருந்து வரும் தூசி அதிகமானால், ஈரம் ஒட்டி உறைய இடம் அதிகம், படிகமும் அதிகம். அந்தக் கட்டுரையை வைத்துத்தான் இந்தத் திட்டமே நடக்கிறது. இந்த நாற்பது நாள் வேலை அதை நேரடியாக அளந்து உறுதி செய்வது. உறுதியானால் இமயமலை நெடுக பன்னிரண்டு தூசி நிலையங்கள், அவற்றுக்கு நான் பொறுப்பு.

ஜனவரி 16

முதல் பலூன். காலை பதினொன்றேகாலுக்கு அங்மோ கயிற்றைப் பிடிக்க, நான் பெட்டியை விட்டேன். பெட்டிக்குள் எண்ணெய் தடவிய ஒரு மெல்லிய பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். மேகத்துக்குள் போகும்போது படிகங்கள் அதில் ஒட்டும். சின்னக் கேமரா அவற்றைப் படம் பிடித்துக் கீழே அனுப்பும். எண்ண வேண்டியது நம் வேலை.

லிட்டருக்கு முப்பத்தெட்டு படிகம். எல்லாம் பெரியவை, ஆறு பக்கமும் நன்றாக வளர்ந்தவை. பார்க்கவே ஆசையாக இருந்தது. அங்மோ ஒன்றைத் தன் போனில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 18

லிட்டருக்கு ஆயிரத்து நூற்று நாற்பது. மூன்று தடவை எண்ணிவிட்டேன். எல்லாம் பொடிப்பொடி.

காற்றின் வேகம் அதேதான். ஈரமும் குளிரும் அதேதான். தூசி பிடிக்க மாடியில் வைத்திருக்கும் வடிதாளை எடுத்துத் தூசியையும் பார்த்தேன். முந்தாநாள் இருந்த அளவேதான்.

ஜனவரி 19

பெங்களூருக்குப் பேசினேன். திட்டத் தலைவர் ஹெக்டே சார் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். தரையில் உள்ள வடிதாளுக்கு மேலே இருக்கும் தூசி தெரியாது, மேலே கூடுதலாக இருந்திருக்கும், இன்னும் பத்து பலூன் விட்டால் சரியாகிவிடும் என்றார். நியாயமான பேச்சு.

ஜெபசிங் இருந்திருந்தால் இதற்குள் ஐந்து வரைபடம் போட்டுக்கொண்டு வந்திருப்பான். என்னிடம் ஆய்வு மாணவனாக இருந்தவன். நாசரேத் பக்கத்துப் பையன். சொந்தக் காரணங்களுக்காக நடுவில் விலகிவிட்டான்.

தண்ணீர் வாளி உறைந்துவிட்டது. சுத்தியலால் உடைத்துத்தான் முகம் கழுவினேன்.

ஜனவரி 21

காற்று பலூனைக் கொட்டகைத் தகரத்தில் அடித்துக் கிழித்துவிட்டது. இரண்டாவதை மதியம் விட்டோம். மேகம் அடர்த்தி. எண்ணூற்று அறுபது.

பலூன் ஏறும்போது திரையில் அதன் ஏறும் வேகம் கோடாக வரும். அங்மோ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விநாடிக்கு ஐந்து மீட்டர் ஏற வேண்டியது, ஏழாகிறது, மூன்றாகிறது, மறுபடி ஏழாகிறது. பதினெட்டாம் தேதியும் இப்படித்தான் நடுங்கியது, பதினாறாம் தேதி நடுங்கவே இல்லை, கருவி கெட்டுவிட்டதா என்று கேட்டாள்.

அது இரைச்சல், கோட்டில் வரும் அர்த்தமில்லாத ஆட்டம் என்றேன். கணக்குப் போடும்போது ஐந்து நிமிடத்துக்குச் சராசரி எடுத்துவிடுவோம், கோடு வழவழப்பாகிவிடும் என்று விளக்கினேன்.

"அப்போ பலூன் நிஜமாவே நடுங்கலையா?" என்று கேட்டாள்.

விறகு தீர்ந்துவிட்டது என்று எழுந்து போனேன்.

ஜனவரி 22

மேகம் இல்லை. துணி துவைத்தேன். காயப்போட்ட சட்டை கொடியில் அட்டைபோல் விறைத்து நின்றது.

ஜனவரி 24

நேற்றும் இன்றும் மேகம் இல்லை. பொழுது போகாமல் சராசரி எடுக்காத கோடுகளைத் திறந்து பார்த்தேன். சும்மாதான்.

அங்மோ சொன்னது உண்மை. நடுங்கிய நாளில் படிகம் ஆயிரம். நடுங்காத நாளில் முப்பத்தெட்டு. மூன்றே மூன்று ஏற்றத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

ஜனவரி 28

மூன்று நாளில் மூன்று பலூன். எண்களை மட்டும் எழுதுகிறேன். லேசான நடுக்கம், எழுபது. நல்ல நடுக்கம், அறுநூறு. மிக நல்ல நடுக்கம், ஆயிரத்து முந்நூறு.

தூசி மூன்று நாளும் ஒன்றே.

சாப்பாடு சரியாகப் போகவில்லை. டாக்டருக்காகக் குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 30

இன்றைக்கு நடுக்கம் மிக அதிகம், படிகம் வெறும் நாற்பத்தைந்து!

அங்மோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சூடாக டீ போட்டுக் குடித்தேன். இரண்டு முட்டை பொரித்துச் சாப்பிட்டேன். பல நாளுக்குப் பிறகு நல்ல பசி.

ஜனவரி 31

காலையில் எழுந்ததும் லேசர் கருவியின் நேற்றைய படத்தைத் திறந்தேன். மேகம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று நாள் முழுதும் கோடு போட்டுக் காட்டும் கருவி அது. நம் மேகத்துக்கு மேலே இன்னொரு பழைய மேகம், மேற்கிலிருந்து மிதந்து வந்தது. அதிலிருந்து படிகங்கள் இழை இழையாகக் கீழே விழுகின்றன.

உடனே புரிந்துவிட்டது. அங்மோவுக்கு இப்படிச் சொன்னேன். காற்றில் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் கோடிக்கணக்கில் உறையக் காத்திருக்கின்றன. காற்று மெதுவாக ஏறினால், முதலில் உறைந்த சிலவே ஈரம் முழுவதையும் சாப்பிட்டுவிடும். முதல் பந்தியிலேயே சோறு தீர்ந்த மாதிரி. படிகம் குறைவு, ஆனால் பெரிது. நடுங்கும் காற்று வெடுக்கென்று தூக்கிவிட்டால் முதலில் வந்தவர்கள் சாப்பிடுவதற்குள் ஊரே உட்கார்ந்துவிடும். ஆயிரம் படிகம், எல்லாம் பொடி. மேலிருந்து ஏற்கெனவே பனி விழுந்துகொண்டிருந்தால், எவ்வளவு தூக்கினாலும் புதிதாக ஒன்றும் உறையாது, வந்து விழுந்தவை ஈரத்தைக் குடித்துவிடும்.

"நல்லா யோசிச்சீங்க, அச்சே," என்றாள். அச்சே என்றால் அக்கா. முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டாள்.

இது நான் யோசித்ததல்ல. ஜெபசிங்கின் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம், கடைசி நாலு பக்கம். மேலிருந்து விழும் பனி பற்றி. என் மடிக்கணினியிலேயே இருக்கிறது. இன்று திறந்தேன். சராசரி எடுக்காதீர்கள் என்பதுதான் அந்த அத்தியாயத்தின் சாரம். ஓரத்தில் சிவப்பில் என் குறிப்பு: "இரைச்சலை விளக்க இயற்பியல் தேவையில்லை."

பிப்ரவரி 1

சொந்தக் காரணங்கள் என்று பத்தொன்பதாம் தேதி எழுதியிருக்கிறேன். அது அலுவலகக் கடிதத்துக்காக நான் எழுதிக் கொடுத்த வாக்கியம்.

நடந்தது இது. அவனுக்கு இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பு வேண்டியிருந்தது. குழுவில் ஐந்து பேர். மூன்றாம் அத்தியாயம் தேறுமா என்று என்னைக் கேட்டார்கள். அப்போது என் கட்டுரை வெளிவந்து இரண்டு மாதம். அந்த அத்தியாயம் இரைச்சலை வைத்துக் கட்டிய வீடு என்றேன். ஒருவர் சிரித்தார். ஜெபசிங் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தான். நீட்டிப்பு கிடைக்கவில்லை.

அன்றைக்கு நான் அந்த அத்தியாயத்தை முழுதாகப் படித்திருக்கவில்லை என்று எழுதலாம் என நினைத்தேன். படித்திருந்தேன். இரண்டு தடவை.

பிப்ரவரி 2

வீட்டிலிருந்து இவர் போன் செய்தார். வங்கிக் கிளையில் ஆள் குறைவு, பால்காரர் மாறிவிட்டார், துளசிக்கு மறக்காமல் தண்ணீர் ஊற்றுகிறார். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். ஜெபசிங் சொன்னது சரியாக இருக்கும்போலத் தெரிகிறது என்றேன்.

"நம்ம வீட்டுல வந்து சாப்பிட்டுட்டுப் போவானே, அந்தப் பையனா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். மீன்குழம்பு வைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான்.

பிப்ரவரி 3

இப்போது வரை பார்த்ததெல்லாம் நடந்த பிறகு சொல்லும் விளக்கம். முன்கூட்டியே சொல்ல முடிந்தால்தான் பேச்சு. அதற்கு வானமே வழி செய்தது. மேற்கே அடிவானம் பழுப்பாகிவிட்டது. புழுதிக் காற்று வருகிறது. நாளையிலிருந்து தூசி பல மடங்காகும் என்று முன்னறிவிப்பு. மேல்காற்று முதலில் முகட்டை ஒட்டியே ஓடும், அதனால் அவ்வளவாகத் தூக்காது. மறுநாள் திரும்பி முகட்டில் நேராக மோதும்.

ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டேன். என் கட்டுரைப்படி நாளைக்கு ஐந்நூறுக்கு மேல், மறுநாளும் அதே அளவு. ஜெபசிங்கின் அத்தியாயப்படி நாளைக்கு நூறுக்குள், மறுநாள் எண்ணூறுக்கு மேல். அங்மோவிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னேன். எந்தப் பத்தி யாருடையது என்று கேட்டாள். சொன்னேன். எது ஜெயிக்க வேண்டும் என்று கேட்டாள். சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றேன்.

பிப்ரவரி 4

வெயிலே செம்மண் நிறம். வடிதாளில் தூசி நாலு மடங்கு. கோடு நடுங்கவில்லை. படிகம் லிட்டருக்கு ஐம்பத்தைந்து.

பிப்ரவரி 5

தூசி அதே நாலு மடங்கு. காற்று திரும்பியது. பத்தே முக்காலுக்கு முகட்டுக்கு மேல் மேகம் வரி வரியாக, வயல் வரப்புபோல எழுந்து நின்றது. பலூன் கோடு குதித்தது. எண்ணி முடிக்க நாலு மணி ஆயிற்று.

தொள்ளாயிரத்து இருபது.

அங்மோ பூட்டைத் திறந்து தாளை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு கொட்டகையில் கட்டியிருக்கும் தன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். வருத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது வேறு. ஆறு வருடமாக எட்டிப் பார்க்காமல் வைத்திருந்த அறையைத் திறந்த மாதிரி, என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அந்த நடுக்கம் எங்கிருந்து வருகிறது? முகட்டின் எந்தப் பல்லிலிருந்து? எவ்வளவு உயரம் வரை போகிறது?

பிப்ரவரி 6

ஹெக்டே சாருடன் நாற்பது நிமிடம். அவர் கோபப்படவில்லை. இரண்டும் காரணம் என்று எழுதுங்கள், தூசியை முன்னால் வையுங்கள், நடுக்கத்தை அடிக்குறிப்பில் போடுங்கள், பன்னிரண்டு நிலையங்கள் கையெழுத்தாகும் நேரம் என்றார்.

தூசிக்கும் பங்கு இருக்கிறது சார், ஆனால் இந்த முகட்டில் இது சின்னப் பங்கு என்றேன். நிலையங்கள் வராமல் போகலாம் என்றார். தெரியும் என்றேன். உங்கள் கட்டுரையை நீங்களே திருத்துவதாகிவிடும் என்றார். அதுவும் தெரியும் என்றேன்.

அறிக்கையை மாலை அனுப்பிவிட்டேன். தலைவலி இல்லை.

பிப்ரவரி 7

ஜெபசிங்கின் எண்ணை நேற்றே துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கியிருந்தேன். ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியராம். இன்று பள்ளி நேரம், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை.

பிப்ரவரி 8

மதிய இடைவேளையில் கூப்பிட்டேன். பின்னால் பிள்ளைகள் சத்தம்.

"திலகவதி பேசறேன். நல்லா இருக்கீங்களா?" என்றேன். அவனை நான் நீங்க என்று சொன்னதே இல்லை. வாயில் அப்படி வந்துவிட்டது.

"சொல்லுங்க மேடம்," என்றான்.

ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. உன் மூன்றாம் அத்தியாயம் சரி, அன்றைக்கு எனக்கு அது தெரியும், தெரிந்துதான் குழுவில் அப்படிச் சொன்னேன், மன்னிக்கக் கேட்கவில்லை, உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்று கோர்வையில்லாமல் சொல்லி முடித்தேன்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும், மேடம்," என்றான். "அதனாலதான் சண்டை போடல. தெரியாதவங்களா இருந்தா புரிய வச்சிருப்பேன்."

மணி அடித்தது. வகுப்புக்குப் போக வேண்டும் என்றான். பிறகு, போகாமல், எத்தனை நிமிடச் சராசரி எடுத்தீர்கள் என்று கேட்டான்.

"சராசரியே எடுக்கல."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. "நாலரைக்கு ஸ்கூல் முடியும். எல்லா ஏற்றத்தையும் அனுப்புங்க. உங்களுக்காகப் பார்க்கல. எனக்குத் தெரியணும்."

பிப்ரவரி 9

நேற்று மாலை அனுப்பிய ஒன்பது ஏற்றத்துக்கும் காலை பதில் வந்துவிட்டது. அறிக்கையில் முதல் பெயராக அவன் பெயரைப் போடக் கேட்டிருந்தேன். அதற்கு ஒரே வரி: பெயரைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் சரியா என்று பார்ப்போம்.

அடுத்து ஒரு பக்கம் முழுக்க ஜனவரி முப்பதாம் தேதி. நடுக்கம் அதிகமாக இருந்தும் படிகம் குறைந்த நாள். மேலிருந்து விழுந்த பனிதான் காரணம் என்று நான் அறிக்கையில் எழுதியிருந்தேன், அவன் அத்தியாயத்தையே மேற்கோள் காட்டி. அவன் நேரத்தைக் கோத்துப் பார்த்திருக்கிறான். பலூன் நம் மேகத்தைத் தாண்டியது பன்னிரண்டு ஐந்துக்கு. மேல் மேகத்தின் பனி அந்த உயரத்துக்கு வந்து சேர்ந்ததே பன்னிரண்டு இருபதுக்கு. பலூன் போனபோது அங்கே விழுந்த பனி எதுவும் இல்லை.

"அது என்னோட விளக்கம்தான் மேடம், எனக்குப் பிடிச்சதும்கூட. ஆனா இங்க பொருந்தல. வேற என்னமோ இருக்கு," என்று முடித்திருந்தான்.

லேசர் கருவியின் கடிகாரம் பிசகியிருக்குமோ என்று நானும் அங்மோவும் ஒரு மணி நேரம் சரிபார்த்தோம். கடிகாரம் சரியாகவே இருக்கிறது. என் அறிக்கையில் அந்தப் பத்தி தப்பு. ஹெக்டே சாருக்குத் திருத்தம் அனுப்பினேன்.

நாளைக்கும் காற்று முப்பதாம் தேதி மாதிரியே வருகிறது. இடையில் மேகத்துக்குள் என்ன மாறுகிறது என்று தெரிய, இருபது நிமிட இடைவெளியில் இரண்டு பலூன் விட்டுப் பார்க்கச் சொல்கிறான் ஜெபசிங். வகுப்பு இல்லாத நேரம் பதினொன்றரை, முடிந்தால் அப்போது விடுங்கள், கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று எழுதியிருக்கிறான்.

அங்மோவிடம் இரண்டு பெட்டியைத் தயார் செய்யச் சொன்னேன். மேலே அப்படி என்னதான் இருக்கும் என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.